கஸ்தூரியின் இடுப்பில் எண்பது கிலோ

போன மாதம் கஸ்தூரி போன் செய்தாள். எடுத்த எடுப்பிலேயே, "அக்கா, இந்த வருஷம் நான் பாடல. பின்னாடி நின்னு ஜால்ரா போடறேன்" என்றாள்.

ஜால்ரா போட நம்மவர்களில் ஆளுக்கா பஞ்சம்? பாடத்தான் ஆள் வேண்டும். அதுவும் கஸ்தூரி மாதிரி பாட...

கஸ்தூரி புனேயில் கட்கிப் பக்கத்துக்காரி. மாமனார், கணவர் இரண்டு பேருமே வெடிமருந்துத் தொழிற்சாலையில் வேலை பார்த்தவர்கள். பூர்வீகம் வேலூர்ப் பக்கம் என்றாலும், பிறந்தது, படித்தது, கல்யாணம் கட்டியது எல்லாம் புனேயில்தான். எங்கள் தமிழ் மன்ற ஆண்டு விழாவில் பெண்கள் சேர்ந்திசை உண்டு. அதில் முதல் வரியை அவள் எடுத்துக் கொடுப்பாள். நாங்கள் பின்னால் போவோம்.

"ஏன், என்ன ஆச்சு?" என்றேன்.

"மூணாவது சரணம் வரும்போது கலா ஏக்தம் பந்த் ஆயிடுது க்கா."

எந்தக் கலா, எதற்கு பந்த் என்று ஒரு நொடி விழித்தேன். அப்புறம்தான் உறைத்தது — இந்தியில் தொண்டைக்கு அதுதான் பெயர். கட்கித் தமிழில் இப்படி நடுநடுவே இந்தி வந்து உட்கார்ந்துகொள்ளும்.

விஷயம் வேடிக்கையானது. வீட்டு பஜனையில் சம்மணம் போட்டு உட்கார்ந்தால் மணிக்கணக்கில் அலுக்காமல் பாடுவாள். மேடையில் நின்றால் மூன்றாவது சரணத்தில் குரல் உடைந்துவிடும். அதே தொண்டை, அதே பாட்டு. காது மூக்கு தொண்டை டாக்டர் விளக்கு அடித்துப் பார்த்து, ஒன்றுமில்லை என்று அனுப்பிவிட்டார். மன்றத்துப் பெண்கள் விடுவார்களா? மிளகு, பனங்கற்கண்டு, சித்தரத்தை என்று ஆளுக்கொரு வைத்தியம். பாவம், அரை மளிகைக் கடையை விழுங்கியிருப்பாள்.

மற்ற வருஷமாக இருந்தால் எப்படியோ சமாளித்திருப்பாள். இந்த வருஷம் மகன் முரளி வருகிறான். ஒரே பிள்ளை. ஹிஞ்சேவாடியில் சாஃப்ட்வேர் வேலை. இதுவரை மன்றத்துப் பக்கம் எட்டிக்கூடப் பார்க்காதவன், இப்போது ஆன்சைட் என்று அமெரிக்கா கிளம்புகிறான். போகும்போது அம்மா பாடுவதை வீடியோ எடுத்துக்கொண்டு போக வேண்டுமாம்.

"அங்க தனியா இருக்கும்போது போட்டுப் பார்ப்பானாம். குரல் உடையறதையா பார்க்கணும்? அதுக்கு ஜால்ராவே மேல் க்கா."

எனக்கு மனசு கேட்கவில்லை. எதற்கும் ஞாயிற்றுக்கிழமை ஒத்திகைக்கு வா என்றேன். வந்தாள் — இரண்டு பஸ் மாறி, ஹடப்சரில் இருக்கும் என் வீட்டுக்கு.

பாதிப் பாட்டில் காலிங் பெல். மேல் வீட்டு மாதுரி. சத்தம் தாங்காமல் சண்டைக்கு வந்துவிட்டார் என்றே நினைத்தேன். அவர் பிசியோதெரபிஸ்ட். கொஞ்சம் இந்துஸ்தானியும் பாடுவார். வாசலில் நின்றபடியே எங்களை மேலும் கீழும் பார்த்தார்.

"குரலெல்லாம் நல்லாத்தான் இருக்கு. ஏன் எல்லாரும் பரேடுல நிக்கற மாதிரி நிக்கறீங்க?" என்று இந்தியில் கேட்டார்.

நமக்குச் சின்ன வயதிலிருந்து சொல்லிக் கொடுத்தது என்ன? 'நேரா நில்லு.' நேராக என்றால் முழங்காலை விறைத்து, மார்பை முன்னே தள்ளி, மேல் ஸ்தாயி வந்தால் மோவாயை ஆகாயத்துக்குத் தூக்கி... பத்தாததற்கு மைக் வேறு.

மாதுரி இந்தியும் மராத்தியுமாகச் சொல்லிக்கொண்டே போனார். கோயம்புத்தூரிலிருந்து புதிதாக வந்திருக்கும் பெண்களுக்காக நான் மொழிபெயர்த்தேன். தலை கழுத்தின்மேல் எந்த இடத்தில் உட்கார்ந்திருக்கிறது? இரண்டு காதுக்கும் நடுவில். அங்கிருந்து தலையை ஆட்டுங்கள். ஆட்டினோம். முழங்காலைப் பூட்டாதீர்கள். தளர்த்தினோம். அடுத்தது, 'கமர்' வளையாமல் 'குபா'விலிருந்து குனியுங்கள்.

"இடுப்பை வளைக்காம, இடுப்பிலேர்ந்து குனியுங்க" என்றேன்.

"அதெப்படிங்க்கா முடியும்?" என்றாள் ஒரு கோயம்புத்தூர்ப் பெண். நியாயமான கேள்விதான்.

கஸ்தூரிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "குபான்னா இடுப்பு இல்ல க்கா. அது கீழ" என்று தொடை மடங்கும் இடத்தைத் தொட்டுக் காட்டினாள். என் மராத்தி காய்கறிக் கடை மராத்தி. அவளுடையது பள்ளிக்கூட மராத்தி.

மாதுரி எங்கள் எல்லோரையும் இடுப்பைத் தொடச் சொன்னார். எல்லாக் கையும் கொசுவம் செருகும் இடத்துக்கே போயிற்று. "அங்கே கால் மடங்கற மூட்டே கிடையாது" என்றார். இல்லாத மூட்டில் இத்தனை காலம் குனிந்து நிமிர்ந்தால் முதுகு வலிக்காமல் என்ன செய்யும்? அந்தக் கீழ் மூட்டுக்குத் தமிழில் தனியாக ஒரு சொல் கட்டாயம் இருக்கும். தெரிந்தவர்கள் எழுதுங்கள். அன்றைக்கு என் வாயில் வரவில்லை.

அப்புறம் மாதுரி கஸ்தூரியை ஒரு சுற்றுச் சுற்றி வந்து பார்த்தார். உடம்பின் எடை முழுக்க இடது காலில். இடது இடுப்பு வெளியே தள்ளியிருக்கிறது. மேலுடம்பு வலப்பக்கம் சாய்ந்திருக்கிறது. அதைச் சரிக்கட்டக் கழுத்து இடப்பக்கம் இழுக்கிறது.

"உங்க குழந்தை எத்தனை கிலோ?" என்றார் மாதுரி.

கஸ்தூரி யோசித்தாள். "எண்பது இருப்பான். ஹிஞ்சேவாடில வேலை பார்க்கறான்."

ஹால் முழுக்கச் சிரிப்பு. மாதுரி மட்டும் சிரிக்கவில்லை. "உங்க உடம்பு இன்னும் அவனைத் தூக்கிட்டுத்தான் நிக்குது. விலா ஒரு பக்கம் அமுங்கியிருந்தா மூச்சு எங்கே போகும்? தொண்டைதான் எல்லாத்தையும் இழுக்கணும். உட்கார்ந்தா ரெண்டு பக்கமும் சமமாயிடுது, பாட வருது. அவனைக் கீழே இறக்குங்க."

கஸ்தூரி என்னிடம் மெதுவாகச் சொன்னாள்: "நாலு வயசு வரைக்கும் கீழ விட்டதில்ல க்கா. அவனுக்கு மூச்சு இழுப்பு வரும். இடுப்புல இருந்தாத்தான் தூங்குவான்."

அன்றிலிருந்து பயிற்சி. குதிகால், பெருவிரலின் அடி, சுண்டுவிரலின் அடி — இந்த மூன்றிலும், இரண்டு பாதத்திலும் எடை சமமாக இறங்க வேண்டும். பஸ் ஸ்டாப்பில் செய்தாள், கேஸ் அடுப்பின் முன்னால் செய்தாள். முதல் வாரம் ஒரே புலம்பல். "சரியா நின்னா கோணலா நிக்கற மாதிரி இருக்கு க்கா. யாரோ புடிச்சுத் தள்ளற மாதிரி."

பழகிப்போன கோணல்தான் நமக்கு நேராகத் தெரியும். உடம்பில் மட்டுமா?

போன ஞாயிறு விழா நடந்தது. முதல் இரண்டு சரணம் பழுதில்லை. மூன்றாவது தொடங்கும் சமயம் பார்த்து முரளி எழுந்து, கேமராவோடு மேடைக்குப் பக்கத்தில் வந்து நின்றான். அவனைப் பார்த்ததும் கஸ்தூரியின் இடது இடுப்பு மெல்ல வெளியே போனது. பின்னால் நின்ற நான் அரை அடி முன்னே நகர்ந்தேன்.

"இறக்கு" என்று கிசுகிசுத்தேன்.

வலது பாதத்தை ஊன்றினாள். லேசாக ஒரு ஆட்டம். அப்புறம் குரல் வந்தது. மேலே போய் நின்று, உடையாமல், சாவகாசமாக இறங்கியது. எனக்கு அழுகை வந்து என் வரியைக் கோட்டை விட்டேன். வீடியோவில் அது மட்டும் மிகத் தெளிவாகப் பதிவாகியிருக்கிறது.

"நடுவுல ஏம்மா ஆடினே?" என்று முரளி கேட்டான்.

"உன்ன இறக்கி வெச்சேன்டா" என்றாள். அவனுக்கு ஒன்றும் புரியவில்லை.

புதன்கிழமை அவனை மும்பை ஏர்போர்ட்டுக்குக் கூட்டிப்போக கேப் வந்தது. மறுநாள் கஸ்தூரி போன் செய்தாள். "கிளம்பறப்ப தொண்டை அடைச்சிருக்குமே உனக்கு?" என்றேன்.

"எங்க அடைக்குது? ரெண்டு கால்லயும் சமமாத்தானே நின்னேன். அழுகை தங்குதடை இல்லாம மேல் ஸ்தாயில வந்துச்சு க்கா. தெருவே வெளிய வந்து பார்த்துச்சு."