ஸ்டுடியோவுக்கு வந்த லினக்ஸ்

கேரள எல்லையிலுள்ள கொழிஞ்சாம்பாறை கடைவீதியில் கமலாத்தாளும் அவள் கணவர் ராக்கப்பனும் போட்டோ ஸ்டுடியோ நடத்துகிறார்கள். படம் எடுப்பது அவர், ஆல்பம் செய்வது இவள். பன்னிரண்டாம் வகுப்போடு நின்றவள், கம்ப்யூட்டரைத் தானாகத் தட்டித் தட்டியே பழகிக்கொண்டாள்.

போன ஜூலையில் மகள் ஆர்த்தியின் பள்ளிக்கூடத்தில் பெற்றோர் கூட்டம். அது முடிந்ததும் ஆர்த்தி அவளைக் கம்ப்யூட்டர் அறைக்கு இழுத்துப் போனாள். அங்கே கம்ப்யூட்டரை ஓட்டுவது விண்டோஸ் இல்லை, இலவசமாகக் கிடைக்கும் லினக்ஸ். கோப்பு, திருத்து, சேமி என்று திரை முழுக்கத் தமிழ். உட்கார்ந்த கமலாத்தாளுக்கு எழுந்திருக்க மனசே வரவில்லை.

"நம்ம கம்ப்யூட்டர்ல இது வருமா கண்ணு?"

"வரும்மா. விண்டோஸ எடுக்க வேண்டாம், பக்கத்துலயே போட்டுக்கலாம். ஆன் பண்றப்ப எது வேணும்னு கேக்கும்."

ஆல்பம் செய்யும் மென்பொருள் விண்டோஸில்தான் ஓடும் என்பதால் அதுவே அவளுக்குத் தோதாகப் பட்டது. ஒரு வாரம் வேலைக்கு நடுவே யூடியூபில் பார்த்துப் பார்த்து லினக்ஸை ஒரு பென்டிரைவில் ஏற்றிவிட்டாள். ராக்கப்பனுக்குத்தான் பயம்.

"வண்ணாமடைக் கல்யாணப் படம் முச்சூடும் அதுக்குள்ள இருக்குது புள்ள. போச்சுன்னா என்ன பதில் சொல்றது?"

"எல்லாத்தையும் தனி டிஸ்குல எடுத்து வெச்சுட்டனுங்க. திறந்தும் பாத்துட்டேன்."

ஞாயிற்றுக்கிழமை மதியம் கடையைச் சாத்திவிட்டு ஆரம்பித்தாள். முதலில் விண்டோஸைக் கொஞ்சம் ஒதுக்கி, டிஸ்கில் இடம் பண்ணினாள். பிறகு பென்டிரைவைச் செருகி, அதிலிருந்தே கம்ப்யூட்டரை ஆன் செய்தாள். ஓரிடத்தில் இரண்டு வழி காட்டியது. ஒன்று விண்டோஸுடன் சேர்த்து நிறுவ, இன்னொன்று எல்லாவற்றையும் அழித்துவிட்டு நிறுவ. இரண்டு தடவை வாசித்துவிட்டு முதலாவதை அழுத்தினாள்.

முடிந்து கம்ப்யூட்டர் திரும்ப எழுந்தபோது நேராக விண்டோஸே வந்தது. லினக்ஸைக் காணோம்.

"சரி, படமாவது பத்திரமா இருக்குதல்லொ. விட்டுரு" என்றார் ராக்கப்பன்.

அவள் விடவில்லை. ஆன் ஆகும்போதே எஃப் டூ விசையை அழுத்தி, எதை முதலில் திறப்பது என்ற வரிசைக்குள் போய்ப் பார்த்தாள். லினக்ஸ் அங்கேதான் இருந்தது, விண்டோஸுக்குக் கீழே. அதை மேலே ஏற்றிச் சேமித்தாள்.

இந்தத் தடவை கறுப்புத் திரையில் இரண்டு பெயரும் ஒன்றன்கீழ் ஒன்றாக வந்து நின்றன.

"ஏனுங்க, சித்த இங்க வாங்க." ராக்கப்பனைக் கூப்பிட்டாள். மேலே இருந்ததைத் தேர்ந்தாள், தமிழ்த் திரை விரிந்தது. அணைத்துவிட்டுக் கீழே இருந்ததைத் தேர்ந்து, ஆல்பத்தைத் திறந்தாள். வண்ணாமடை மணப்பெண், விட்ட பக்கத்திலேயே சிரித்துக்கொண்டிருந்தாள். ராக்கப்பன் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, "இன்னொருக்கா மாத்திக் காட்டு" என்றார். அன்று சாயங்காலம் வரைக்கும் மாற்றி மாற்றித் திறந்து பார்த்தார்கள்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை கமலாத்தாள் பென்டிரைவைக் கைப்பையில் போட்டுக்கொண்டு மீனாட்சிபுரத்துக்கு பஸ் ஏறினாள். அங்கே அவள் தம்பி வீட்டில் ஒரு லேப்டாப் இருக்கிறது.