மனநல ஆலோசனைக்குப் போன மூன்று பேர்

எங்கள் பக்கத்தில் டாக்டரிடம் நோயாளி பேசும் வழக்கம் கிடையாது. கூட வந்தவர்கள் பேசுவார்கள். கேட்டால் நாக்கை நீட்டுவது மட்டும்தான் நோயாளியின் வேலை.

ஏழாம் மாதத்தில் என் குழந்தை வயிற்றிலேயே இறந்துபோனது. எனக்கு மயக்கம் தெளிவதற்குள் கொண்டுபோய்ப் புதைத்துவிட்டார்கள். முகத்தைக்கூடக் காட்டவில்லை. அன்றோடு தூக்கம் போனது. ஆஸ்பத்திரியில் டாக்டர் என் கணவரிடம் விசாரித்து, மாமியாரிடம் விளக்கி, எனக்கு மாத்திரை எழுதினார். நானும் அங்கேதான் இருந்தேன்.

மாத்திரைக்குத் தூக்கம் வரவில்லை. கள்ளக்குறிச்சி பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில், செல்போன் கடை மாடியில், புதிதாக மனநல ஆலோசனை மையம் திறந்திருந்தார்கள். நைனார்பாளையத்திலிருந்து மூன்று பேரும் பஸ் ஏறினோம். மையத்தில் ஏ.சி. குளிர்ந்தது. சுவரில் ஒரு வெள்ளைக்காரக் குடும்பம் காரணமில்லாமல் சிரித்துக்கொண்டிருந்தது. வரவேற்பில் இருந்த பெண் என்னை 'மேடம்' என்றாள். அதுவரை யாரும் என்னை அப்படிக் கூப்பிட்டதில்லை.

உள்ளே ஆலோசகர் அம்மாள் கனிவாக என்னைப் பார்த்து, "சொல்லுங்க, மனசுல என்ன இருக்கு?" என்றார்.

"இதுக்கு மனசுல இன்னா கீது? ஒண்ணும் இல்லீங்க," என்றார் மாமியார். "சும்மா குந்திக்கினு செவுத்தப் பாக்குது. சாப்பாடு கம்மி, கோவம் ஜாஸ்தி."

வந்தவர்கள் மனம் கோணக் கூடாது என்பது அந்தக் கடையின் தர்மம் போலும். ஆலோசகர் தலையாட்டிக் குறித்துக்கொண்டார். கடைசியில் என்னைக் கண்ணை மூடி மூச்சை இழுத்து விடச் சொன்னார். மாமியாரும் சேர்ந்து மூச்சு விட்டார்.

வெளியே வந்ததும் வரவேற்புப் பெண் போனை நீட்டினாள். சேவை எப்படி இருந்தது என்று நட்சத்திரம் போட்டு, கருத்தும் எழுத வேண்டுமாம். கணவர் வழக்கம்போலக் கை நீட்டினார்.

"சாரி சார், கஸ்டமர்தான் போடணும்."

நோயாளிக்கு இல்லாத வாய் கஸ்டமருக்கு இருந்தது. விடுவேனா? எழுதினேன்: 'என் குழந்தையின் முகத்தை யாரும் எனக்குக் காட்டவில்லை.'

அவள் படித்துவிட்டுச் சங்கடப்பட்டாள். "மேடம், இது எங்க சர்வீஸ்ல வராதே."

என் தோளுக்குப் பின்னால் நின்று கணவரும் படித்திருக்கிறார். படியிறங்கும்போது எங்கோ பார்த்தபடி, "பையன்தான். மூக்கு உன்னுது மாதிரியே இருந்துச்சி," என்றார்.

அந்தப் படியிலேயே உட்கார்ந்து வாய்விட்டு அழுதேன். குழந்தை போனதிலிருந்து அதுவரை எனக்கு அழுகையே வரவில்லை. மாமியார் பதறிப்போய் மகன் மேல் பாய்ந்தார்.

"இன்னாடா பாத்துக்கினு நிக்கிற? மேல போயி ஒரு ஊசியாச்சும் போடச் சொல்லு!"