இரவல் நடை

அக்காவுக்குக் கணக்கு என்றால் வேப்பங்காய். ஆனால் மாடிப்படியில் யார் ஏறினாலும் சத்தத்தை வைத்தே ஆளைச் சொல்லிவிடுவாள். இப்போது சினிமாவில் நடிகர்களுக்குக் காலடிச் சத்தம் கொடுப்பதுதான் அவள் பிழைப்பு.

ஒரு படத்தில், மனம் உடைந்த ஒருவர் வீடு திரும்பும் காட்சி. நாள் முழுக்க நடந்து பார்த்தும் இயக்குநருக்குத் திருப்தியில்லை. மறுநாள் அப்பாவின் பழைய செருப்பைப் போட்டுக்கொண்டு, வலது காலை இழுத்து இழுத்து நடந்தாள். ஒரே தடவையில் ஓகே ஆனது.

தியேட்டரில் அதைக் கேட்ட அப்பா, "யாரைப் பாத்தும்மா இப்படி நடந்த?" என்றார்.

"உங்களத்தான்ப்பா. என் கணக்கு மார்க்கைக் கேட்டுட்டு ஸ்கூல்லேருந்து திரும்பி வந்தீங்களே, அன்னைக்கு."

அப்பா வீட்டுக்கு வந்ததும் தன் அறைக்குப் போனார், வலது காலைக் கவனமாகத் தூக்கி வைத்து.