கழித்து எழுதிய வயிறு

கண்டி ஆஸ்பத்திரியில் என் வயிற்றில் முக்கால் பங்கை வெட்டி எடுத்துவிட்டு, மிச்சத்தைக் குடலோடு சேர்த்துத் தைத்து அனுப்பினார்கள். பத்து வருடமாக ஆறாத புண். நோர்வூட் பக்கம் ஒரு தோட்டத்தில் அப்போது நான் கணக்கப்பிள்ளை. கொழுந்து பறிக்கும் பெண்களை மலையில் விரட்டுவதும், நாளைக்கு மூன்று தரம் கொழுந்தை நிறுத்துப் புத்தகத்தில் எழுதுவதும் உத்தியோகம். போகும்போது பஸ்ஸில் இரண்டு பேர் இடத்தை அடைத்துக்கொண்டு போனவன், திரும்பும்போது கண்டக்டர் அரை டிக்கெட் கிழித்துவிடுவானோ என்று பயப்படும் அளவுக்கு இளைத்திருந்தேன்.

இலங்கை, இந்தியா என்று இரண்டு அரசாங்கங்கள் எங்கள் சனத்தை உனக்கு இவ்வளவு, எனக்கு இவ்வளவு என்று பங்கு போட்டுக்கொண்டிருந்த நேரம் அது. “என்னை இந்தியாவுக்கு எழுதினாலும் வயிறு கண்டிக்காரன்தான்” என்று லயம் லயமாக, வீடு வீடாகப் போய்ச் சொல்லிச் சிரித்தேன். அந்தச் சிரிப்பு மூன்று வாரம்தான் நீடித்தது.

ஒரு நாள் காலையில் பெரட்டில் பேர் கூப்பிட்டு ஆட்களைப் பிரித்து அனுப்பிவிட்டு மலை ஏறிக்கொண்டிருந்தேன். திடீரென்று நெஞ்சுக்குள் தொழிற்சாலை இயந்திரம் ஓட ஆரம்பித்தது. அந்தக் குளிரிலும் சட்டை நனைய வேர்த்தது. கால் இரண்டும் வேறு யாருடையதோ போல ஆடின. வயிறு முறுக்கிய முறுக்கில் செடிகளுக்குள் ஓடினேன். தேயிலைச் செடி இடுப்பு உயரம்தான். ஓர் உத்தியோகத்தரின் மானத்தை மறைக்க அது போதாது. அரை மணியில் எல்லாம் அடங்கியது. சாயங்காலம் மறுபடி வந்தது. மறுநாளும் வந்தது.

இது சாவு என்று முடிவு செய்தேன். ஊரில் எவனுக்காவது தலைவலி என்றால் “பெட்டிக்கு அளவெடுக்கட்டுமா?” என்று கேட்கிறவன் நான். இப்போது மனைவியைக் கூப்பிட்டு, எந்தப் போட்டோவைச் சட்டம் போட்டு மாட்டவேண்டும் என்று காட்டினேன்.

அவள் உற்றுப் பார்த்தாள். “இதுல உங்களுக்குத் தொப்ப இருக்குங்க. துட்டி கேக்க வர்றவங்க ஆளு மாறிப்போச்சுன்னு திரும்பிப் போயிருவாங்க.”

ஹட்டனில் ஒரு டாக்டர் இருந்தார், யாழ்ப்பாணத்துக்காரர். என் புலம்பல் முழுவதையும் கேட்டுவிட்டு, “ஒரு கிழமைக்கு என்ன தின்னுறீர், எத்தினை மணிக்குத் தின்னுறீர், எப்ப உந்த வருத்தம் வருது, எல்லாத்தையும் எழுதிக்கொண்டு வாரும்” என்றார்.

எழுதச் சொல்வதா? அதுதானே என் தொழில். புதுக் கொப்பியில் கொழுந்துப் புத்தகம் மாதிரியே கோடு போட்டேன்: காலை, மத்தியானம், அந்தி. ஒரு வாரம் கழித்துக் கொண்டுபோய் நீட்டினேன்.

“அரைக் கோப்பை கஞ்சி. ரெண்டு துண்டு உருளைக்கிழங்கு. அரைக் கோப்பை கஞ்சி.” டாக்டர் வாசித்துக்கொண்டே நெற்றியைத் தேய்த்தார். “வெறுங் கஞ்சிக்கே உந்தப் பாடெண்டால் உள்ளுக்கை எங்கையோ அடைப்பு இருக்க வேணும். திருப்பித் திறந்து பாக்கிறதைத் தவிர வழியில்லை. அடுத்த கிழமை வாரும், கண்டிக்குக் கடிதம் தாறன்.”

திரும்பி வரும் வழியெல்லாம் மிச்சமிருந்த கால் வயிற்றைக் கையால் பொத்திக்கொண்டு வந்தேன்.

மறுநாள் மத்தியானம் மடுவக் கொட்டகையில் கொழுந்து நிறுவை. தராசில் கூடைகளை மாட்டிக்கொண்டிருந்த பெண்களிடம், மறுபடி வெட்டப்போகிறார்கள் என்று தழுதழுத்த குரலில் சொன்னேன். இரண்டு பேர் கண்ணைத் துடைத்தார்கள். மூன்றாவதாக நின்றவள் வாய்க்காரி. அவள் வாய்க்குப் பயந்து பெரிய கங்காணியே வேறு வழியாகப் போவார்.

“அப்புடி என்னதாங்கய்யா எழுதிக் குடுத்தீங்க?”

கொப்பியை எடுத்து வாசித்தேன். கஞ்சி, கிழங்கு, கஞ்சி.

“செவ்வாக்கெழம எங்கூட்டுல டின்பாலு ஊத்தித் தேத்தண்ணி குடிச்சீங்களே, அது எங்க?”

“அது தண்ணிதானே.”

“நாலு கரண்டி சீனி போட்டேன். நோயாளியாச்சேன்னு.”

“எங்கூட்டுல ரெண்டு அதிரசம் தின்னாரு” என்றாள் கண்ணைத் துடைத்தவர்களில் ஒருத்தி.

“எங்கூட்டுல குளுக்கோசு கரைச்சுக் குடுத்தேன். ஒரே மடக்குல குடிச்சிட்டு இன்னுங் கொஞ்சம்னாரு” என்றாள் மற்றவள்.

கண்டியிலிருந்து உயிரோடு திரும்பியவனை எந்த வீட்டிலும் வாய் நனைக்காமல் விடமாட்டார்கள். வேண்டாம் என்றால் கணக்கப்பிள்ளை சாதி பார்க்கிறான் என்று பேச்சு வரும். இது நான் அப்போது சொன்ன காரணம். டின்பாலும் எனக்குப் பிடிக்கும் என்பது சொல்லாத காரணம்.

வாய்க்காரி இடுப்பில் கை வைத்தாள். “எங்க கொழுந்துல கழிக்கிற மாதிரியே டாக்டரு ஐயாகிட்டயும் கழிச்சிட்டீங்களாக்கும்!”

மடுவமே சிரித்தது. எனக்கு மட்டும் சிரிப்பு வரவில்லை. ஈரத்துக்கு, கூடைக்கு, தண்டுக்கு என்று ஆளுக்கு மூன்று றாத்தல் கழித்து எழுதுவது எங்கள் வழக்கம். தராசு முள் இருபது காட்டினால் கை தானாகப் பதினேழு எழுதும். அந்த மூன்று றாத்தல் யார் வயிற்றிலிருந்து போகிறது என்று நான் யோசித்ததே இல்லை. என் வயிறு அதுவரை முழுசாக இருந்தது. கொப்பியிலும் அந்தக் கைதான் எழுதியிருக்கிறது. டாக்டர் முன்னால் நல்ல பிள்ளையாக நிற்க ஆசைப்பட்டு, இனிப்பையெல்லாம் ஈரம் என்று கழித்துவிட்டேன்.

அங்கேயே சாக்கில் உட்கார்ந்து, பெண்கள் சொல்லச் சொல்லத் திருத்தி எழுதினேன். யார் வீடு, எத்தனை கரண்டி, எந்த நேரம், எல்லாம் அவர்களுக்கு மனப்பாடம். எழுதி முடித்துப் பார்த்தபோது, ஒவ்வொரு இனிப்புக்கும் கால் மணி, இருபது நிமிடம் கழித்து ஒரு வேர்வை வந்திருந்தது.

டாக்டர் புதுப் பக்கத்தை வாசித்துவிட்டு மூக்குக் கண்ணாடிக்கு மேலால் என்னைப் பார்த்தார். “ஏன் காணும், இதை முதலே எழுதேல்லை?”

“மறந்துட்டேங்க.”

“உம்.” ஒரு கிளாஸ் நிறையக் குளுக்கோஸ் கரைத்துக் கொடுத்தார். “உதைக் குடிச்சிட்டு அதிலை இரும்.” கைக்கடிகாரத்தைக் கழற்றி மேசைமேல் வைத்தார்.

பத்து நிமிடம் ஒன்றுமில்லை. பிறகு உள்ளங்கை நனைந்தது. நெஞ்சு குதித்தது. நாற்காலியை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, “டாக்டர், நான் போறேங்க!” என்று அலறினேன்.

“எங்கை போறீர்? இரும்.” அவர் நாடியைப் பிடித்து எண்ணினார். முகம் மலர்ந்துகொண்டே வந்தது. “நல்லது, நல்லது.” நான் செத்துக்கொண்டிருப்பதைப் பார்த்து அவ்வளவு சந்தோஷப்பட்ட மனிதரை அதற்கு முன்னால் நான் கண்டதில்லை.

அடங்கிய பிறகு விளங்கப்படுத்தினார். “முந்தி வயிறு ஒரு பை மாதிரி. வாற சாப்பாட்டைப் பிடிச்சு வைச்சு, கொஞ்சம் கொஞ்சமாய்க் கீழை விடும். இப்ப பிடிச்சு வைக்க இடமில்லை. சீனித்தண்ணி அப்பிடியே குடலுக்கை போய் விழ உடம்பு பதறுது. அடைப்பு ஒண்டுமில்லை.”

“அப்ப வெட்ட வேண்டாங்களா?”

“வெட்டுறதெண்டால் உம்மடை நாக்கைத்தான் வெட்ட வேணும்.”

சீனி கூடாது. சாப்பாட்டோடு தண்ணீர் கூடாது. கொஞ்சம் கொஞ்சமாக ஆறு வேளை சாப்பிட வேண்டும். ஒவ்வொரு வேளைக்குப் பிறகும் அரை மணி நேரம் கட்டாயம் படுத்திருக்க வேண்டும். அழாத குறையாக அவர் கையைப் பிடித்து நன்றி சொல்லிவிட்டு வீடு வந்தேன்.

ஆறு வேளையில் ஒன்று, மத்தியான நிறுவைக்குச் சற்று முன்னால் வந்து விழுந்தது. மடுவத்துத் தரையில் சாக்கை விரித்து மல்லாந்தேன். தராசின் அடிப்பக்கம் தெரிந்தது; முள் தெரியவில்லை.

எழுந்திருக்கப் பார்த்தேன். “அசையாதீங்கய்யா!” என்றாள் வாய்க்காரி. “டாக்டரு சொன்னாக் கேக்கணும். முள்ள நாங்க பாத்துச் சொல்றோம். படுத்துக்கிட்டே எழுதுங்க.”

கூடையை மாட்டினாள். “இருவத்தி மூணு!”

கீழேயிருந்து கூடையைப் பார்த்தால் அது பதினெட்டைத் தாண்டாது. தலையைத் தூக்கினேன். நெஞ்சு லேசாகப் படபடத்தது. உண்மையாகவே படபடத்ததா, பயமா, தெரியவில்லை.

“ஐயா, தல!” என்று நாலு பேர் ஒன்றாகக் கத்தினார்கள்.

தலையைச் சாக்கில் வைத்தேன். இருபத்து மூன்று என்று எழுதினேன்.