பழசைக் கொண்டு வா

"கடக்." வலது பெடல் ஒரு சுற்று வரும்போதெல்லாம் அந்தச் சத்தம் வரும், செருப்பைத் தாண்டி உள்ளங்காலில் ஒரு தட்டுத் தட்டி, முழங்கால் வரை ஏறிப் பிறகுதான் அடங்கும். முதல் நாள் நான் அதைக் கண்டுகொள்ளவில்லை, இரண்டாம் நாள் எரிச்சலாக இருந்தது, மூன்றாம் நாள் பள்ளியிலிருந்து திரும்பும் ஏற்றத்தில் எழுந்து நின்று மிதித்தபோது பெடல் தன் கட்டையோடு கழன்று ரோட்டில் விழுந்தது. ஒரு காலுக்கு மட்டும் பெடல் உள்ள சைக்கிளை எப்படி ஓட்டுவது என்று அன்று மாலை முழுக்க முயன்று பார்த்துவிட்டுத்தான், அது முடியாது என்று ஒப்புக்கொண்டேன்.

பிளஸ் ஒன் சேர்ந்தபோது பள்ளியில் எல்லோருக்கும் கொடுத்த நீல நிறச் சைக்கிள் அது. எங்கள் மலை ஊருக்கும் ஜமுனாமரத்தூருக்கும் பதினொரு கிலோமீட்டர்; காலையில் முதல் பஸ் வருவதே பத்து மணிக்கு; விடுதியில் எனக்கு இடம் கிடைக்கவில்லை. ஆகவே அந்தச் சைக்கிள் இருந்தால் நான் மாணவி, இல்லையென்றால் புளி உலுக்கும் மரத்தடியில் ஓடு நீக்க உட்காரும் இன்னொரு ஆள், அவ்வளவுதான். அப்போது நான் பிளஸ் டூவில் இருந்தேன், செய்முறைத் தேர்வுக்கு ஒரு வாரமே இருந்தது, அது தை கடந்து மாசி பிறக்கப்போகிற புளிக் காலம் வேறு.

கழன்று போனது ஒரு விரல் நீளமுள்ள இரும்பு ஆப்பு. பெடல் கட்டையை நடு அச்சோடு சேர்த்து இறுக்குவது அதுதான். கடைக்காரர்கள் "காட்டர் பின்" என்பார்கள், எங்கள் ஊரில் வெறும் "பின்னு". தேய்ந்து, ஒரு பக்கம் பள்ளம் விழுந்து, ரோட்டோரப் புல்லில் கிடந்த அதை அப்பா மறுநாள் தேடிக் கண்டெடுத்து வந்து சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். "இது ஒரு சாமானா? இத்தப் போய்ப் பெரிசா பேசற" என்றார்.

சைக்கிள் சாமான் வேண்டுமென்றால் மலையில் அன்றைக்கு ஒரே இடம்தான். ஜமுனாமரத்தூர் வாரச் சந்தைக்கு ஆலங்காயத்திலிருந்து பஸ் ஏறி வரும் பர்வீன் அக்கா, ஒரு நீலத் தார்ப்பாயை விரித்து, செயின், பிரேக் கட்டை, பால்ரஸ், வால்வு டியூப் என்று சின்னச் சின்னக் குவியலாகப் பரப்பி உட்கார்ந்திருப்பார். அங்கே இருந்த பஞ்சர் கடைக்காரர்கூட அவரிடம்தான் வாங்குவார். நாற்பது வயதிருக்கும், கணீரென்ற குரல், வருகிறவர் யாராக இருந்தாலும் முதல் கேள்வி ஒன்றுதான்: "பழசு எங்க?" தேய்ந்த பழைய சாமானைக் கையில் வாங்கி, புதியதன் பக்கத்தில் வைத்து, விரலால் தடவிப் பார்த்துவிட்டுத்தான் கொடுப்பார். பழசு இல்லையென்றால் கெஞ்சினாலும் கிடைக்காது.

இரண்டு வருடத்துக்கு முன்னால் அப்பா தன் பழைய சைக்கிளுக்கு ஏதோ வாங்கப் போனார், வெறுங்கையோடு. சந்தைக் கூட்டத்தின் நடுவே பர்வீன் அக்கா அவரைப் பார்த்து, "பழசக் கொண்டாராம இன்னாத்துக்கு வந்தீங்க? வாயால சொன்னா எனக்கு அளவு தெரியுமா? போய்ட்டு அடுத்த வாரம் வாங்க" என்று கத்திவிட்டாராம். சுற்றி நின்றவர்களில் அப்பாவின் பங்காளிகளும் இருந்தார்கள், அவர்கள் சிரித்தார்கள், போதாதா? இனி அந்தப் பொம்பளையிடம் ஒரு நட்டுகூட வாங்குவதில்லை என்று அப்பா அங்கேயே மண்ணைத் தொட்டுச் சத்தியம் செய்துவிட்டு வந்தார். என் பின்னு விழுந்தபோது அந்தச் சத்தியம் கொஞ்சமும் தேயாமல் இருந்தது.

இதற்கு நடுவில்தான் எங்கள் வீட்டுக்குத் தொடுதிரை போன் வந்திருந்தது. வீட்டில் இளையவள் நான்தான், ஆனால் அந்தப் போனிடம் மயங்கியவர் அப்பா. ஊருக்கு மேலே உள்ள ஒரு பாறையில் ஏறினால் மட்டும் டவர் கிடைக்கும். "டவர் பாறை" என்றே அதற்குப் பெயராகிவிட்டது. அவர் என்னையும் அங்கே கூட்டிக்கொண்டு போய்ச் சொன்னார்: "சந்தைக்கு இன்னும் ஆறு நாள் கீது. போன்ல ஆர்டர் போட்டா நாலே நாளு. எது சீக்கிரம், நீயே கணக்குப் போட்டுச் சொல்லு." ஆலங்காயத்துக்கே பஸ்ஸில் போய் வாங்கி வரலாமே என்று நான் கேட்டதற்கு, அங்கே இருப்பதும் அந்த அம்மாவின் வீட்டுக்காரர் கடைதான் என்றார். நாலு ஆறைவிடச் சின்னதுதான் என்று நானும் தலையாட்டினேன்.

பிறகு அவர் செய்ததை நான் பக்கத்திலேயே நின்று பார்த்தேன், தடுக்கவில்லை, அந்த வெட்கம் எனக்கு இன்றும் உண்டு. திரையில் பின்னின் படம் வந்ததும் சட்டைப் பையிலிருந்து பழைய பின்னை எடுத்துத் திரையின் மேல் வைத்தார். படம் பெரிதாக இருந்தது. இரண்டு விரலால் அதைச் சுருக்கினார், கொஞ்சம் விரித்தார், மறுபடி சுருக்கினார். படத்தின் ஓரமும் பின்னின் ஓரமும் ஒன்றோடொன்று பொருந்தியதும், கண்ணைச் சுருக்கிப் பார்த்து, "ஆங், சரியா கீது, போடு" என்றார். நான் போட்டேன். சந்தையில் பழசை வைத்து அளவு பார்ப்பதைத்தானே நாங்கள் பிறந்ததிலிருந்து பார்த்திருக்கிறோம். திரையில் உள்ள படம் விரல் சொன்னபடி கேட்கும் என்பது எங்கள் இருவர் மூளைக்கும் எட்டவில்லை.

மலைமேல் எங்கள் பின்கோடுக்குச் சாமான் வராது என்று போன் சொன்னதால், அப்பா புளி போடும் ஆலங்காயம் மண்டியின் விலாசத்தைக் கொடுத்தோம். அன்றிலிருந்து காலையும் மாலையும் அப்பா பாறையேறினார். "பெங்களூரு வந்துட்டுது", "வேலூரு வந்துட்டுது" என்று கல்யாணத்துக்குக் கிளம்பிய உறவுக்காரரைப் போல அந்தப் பொட்டலத்தின் பயணத்தைச் சொல்லிக்கொண்டிருந்தார். காட்டு ரோட்டில் விடியாமல் என்னைத் தனியே விட மாட்டார்கள் என்பதால், நான் விடிந்த பிறகே நடக்கத் தொடங்கினேன். இரண்டாவது பாடவேளை முடியும்போதுதான் பள்ளி வாசலை மிதிப்பேன். நடுவில் அப்பா ஒரு பெரிய ஆணியை வெட்டிப் பின்னுக்குப் பதிலாக அடித்துக் கொடுத்தார். அது ஒரு நாள் தாங்கியது, மறுநாள் வளைவில் பிடுங்கிக்கொண்டு என்னைச் சரளையில் தள்ளியது. முழங்கால் காயத்தோடு தாமதமாகப் போய் நின்றவளிடம் இயற்பியல் மிஸ், "செய்முறைத் தேர்வு ஒன்பது மணிக்கு. ஒன்பது அஞ்சுக்கு வந்தா உள்ள விட மாட்டாங்க, வெளி ஸ்கூல் எக்ஸாமினர் வர்றாரு. நானும் ஒண்ணும் பண்ண முடியாது" என்றார். தேர்வு சந்தைக்கு மறுநாள்.

நாலாம் நாள் அல்ல, ஐந்தாம் நாள், பொட்டலம் சேர்ந்துவிட்டதாகப் போன் சொன்னது. மண்டிக்காரரைக் கூப்பிட்டால், அன்று மண்டியே மூடியிருந்தது, எனக்கு எதுவும் வரவில்லை என்றார். அப்பா பாறை மேல் நின்று யாரை வைவது என்று தெரியாமல் எல்லோரையும் வைதார். நான் அன்று முடிவு செய்தேன். "நாளைக்குச் சந்தைக்குப் போறேன்" என்றேன்.

"அவ கடைப் பக்கம் கால் வெக்கக் கூடாது" என்றார்.

"நீ பேச வேணாம்பா. நான் பேசிக்கறேன். நான் ஒண்ணும் சத்தியம் பண்ணலயே."

அம்மா அடுப்படியிலிருந்து, "அவ சொல்றது ஞாயந்தான" என்றாள். அப்பா துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு எழுந்தார்; மறுநாள் விடியுமுன்னே புளி உலுக்கப் போய்விட்டார். பழைய பின்னு இருந்த சட்டையும் அவரோடு போய்விட்டது.

பழசு இல்லாமல் அந்தத் தார்ப்பாய் முன்னால் போய் நிற்பதும் போகாமல் இருப்பதும் ஒன்று. அதனால் சைக்கிளையே எடுத்துக்கொண்டேன். கழன்ற பெடல் கட்டையைப் பின்னால் கேரியரில் கட்டி, ஏற்றத்தில் தள்ளி, இறக்கத்தில் மட்டும் ஏறி உட்கார்ந்து, பனியில் நனைந்த ரோட்டில் பதினொரு கிலோமீட்டர். எதிரே வந்த ஜீப்புக்காரர் ஒருவர், "இன்னாம்மா, வண்டி ஒன்ன ஓட்டுதா, நீ வண்டிய ஓட்டறியா?" என்று கேட்டுவிட்டுப் போனார். எனக்கு அழுகை வந்தது. ஆனால் இரண்டு கையும் ஹேண்டில்பாரில் இருந்ததால் துடைக்க வழியில்லை, அதனால் அழுவதை விட்டுவிட்டேன்.

"பழசு எங்க?" என்றார் பர்வீன் அக்கா, தலை நிமிராமல்.

"பழசு இல்லக்கா. வண்டியவே கொண்டாந்துட்டேன்."

நிமிர்ந்து பார்த்தார். சைக்கிளை, கேரியரில் கட்டிய கட்டையை, என் முழங்கால் காயத்தை. எந்த ஊர் என்று கேட்டார், சொன்னேன். "அங்கேர்ந்து இத்தத் தள்ளிக்கினா வந்த?" என்றவர், யார் மகள் என்று கேட்டார். அப்பா பெயரைச் சொல்லும்போது என் குரல் கொஞ்சம் இறங்கியது. அவர் சாக்குப் பைக்குள் கைவிட்டு ஒரு பழுப்பு நிறப் பொட்டலத்தை எடுத்து என்னிடம் நீட்டினார். "அப்ப இது ஒங்களுதுதான். மண்டி மூடி இருந்துதுன்னு பக்கத்துல எங்க கடைல குடுத்துட்டுப் போய்ட்டான் பொட்டலம் கொண்டாந்த பையன். பேரு பாத்தேன், மலைக்காரங்க பேரு மாதிரி இருந்துது, கேட்டுக் குடுத்துக்கலாம்னு எடுத்தாந்தேன்."

ஆலங்காயத்தில் எத்தனையோ கடைகள் இருக்க, அந்தப் பொட்டலம் போய்ச் சேர்ந்தது, இனி வாங்குவதில்லை என்று அப்பா யாரை வைத்துச் சத்தியம் செய்தாரோ அவர் கடையில். பிரித்தேன். உள்ளே பளபளவென்று ஒரு பின்னு. பர்வீன் அக்கா அதை வாங்கிக் கட்டையின் ஓட்டையில் வைத்தார், தலைகூட நுழையவில்லை. "இது மூணு சக்கர வண்டிக்குப் போடறதும்மா. எப்டி அளவு பாத்தாரு ஒங்கப்பா?" என்றார். திரை மேல் பின்னு வைத்த கதையைச் சொன்னேன். அவர் சிரிக்க ஆரம்பித்தார். தார்ப்பாயில் கை ஊன்றி, முந்தானையால் கண்ணைத் துடைத்து, பக்கத்துப் பாத்திரக் கடைக்காரர் எட்டிப் பார்க்கும் அளவுக்குச் சிரித்தார். எனக்கு முகமெல்லாம் எரிந்தது. "சிரிக்காதீங்கக்கா. அவரு எனக்காவத்தான் பண்ணாரு" என்றேன். சட்டென்று நிறுத்திவிட்டார்.

பிறகு குவியலிலிருந்து மூன்று பின்னுகளை எடுத்து, ஒன்றை ஒதுக்கி, இன்னொன்றை ஒதுக்கி, மூன்றாவதைச் சுத்தியலால் தட்டி இறக்கி, நட்டை முடுக்கி, பெடலைக் கையால் சுழற்றிவிட்டார். சத்தமே இல்லை. "ஏறு" என்றார். நான் ஏறும்போதுதான் சொன்னார்: "ஒங்கப்பாவ அன்னிக்குக் கத்தினது தப்புதான். ஆனா திருப்பி அனுப்பினது தப்பில்ல. தப்பு சாமானக் குடுத்தா நீங்க மலை ஏறிப் போய்ட்டு, மறுபடி ஒரு வாரம் வண்டி நிக்கும். அதுக்கு ஒரு நாள் திட்டு வாங்கிக்கறது எனக்கு மேலு."

மறுநாள் எட்டரைக்கே பள்ளியில் இருந்தேன். எனக்கு வந்த சோதனையில் ஒரு கம்பியின் தடிமனைத் திருகு அளவியால் அளக்க வேண்டும். அளந்து, கணக்கிட்டு, கையெழுத்து வாங்கிய பிறகும் எனக்கு அங்கிருந்து நகர மனமில்லை. ஜியாமெட்ரி பாக்ஸில் கொண்டு வந்திருந்த அந்தப் பொட்டலத்துப் பின்னை எடுத்து, மிஸ்ஸிடம் கேட்டுக்கொண்டு, திருகு அளவியில் வைத்தேன். பிறகு வெளியே ஓடிப் போய் என் சைக்கிளில் பின்னு நுழையும் ஓட்டையை ஸ்கேலால் அளந்தேன். ஒன்றரை மில்லிமீட்டர் வித்தியாசம். ஒரு வாரம் என்னை நடக்க வைத்து, முழங்காலைக் கிழித்து, பிளஸ் டூவையே பிடுங்கிக்கொள்ளப் பார்த்தது அவ்வளவுதான்.

வீட்டில் சொன்னேன். "ஒன்றரை மில்லிமீட்டரெல்லாம் ஒரு அளவா?" என்றார் அப்பா. பர்வீன் அக்கா சொன்னதையும் சொன்னேன். இரண்டு நாள் கழித்து நான் பள்ளியிலிருந்து வந்தபோது, வாசல் மரத்தூணில் துளை போட்டு அந்தப் பெருத்த பின்னை முளையாக அடித்து வைத்திருந்தார். தேர்வு முடியும்வரை என் ஹால் டிக்கெட் பிளாஸ்டிக் உறையோடு அதில்தான் தொங்கியது. காலையில் நான் மறந்தாலும் அவர் மறக்காமல் எடுத்துக் கொடுப்பார்.

இப்போது நான் சமவெளியில் ஒரு தொழிற்சாலையில் வண்டிச் சாமான்களை அளந்து தரம் பார்க்கும் வேலையில் இருக்கிறேன். நாள் முழுக்க அளப்பதுதான் வேலை. என் கையெழுத்து இல்லாமல் ஒரு பெட்டி வெளியே போகாது. கூட வேலை செய்கிறவர்கள் சைக்கிளுக்கு ஏதாவது வாங்கும்போது, போனில் போடலாமா, கடையில் வாங்கலாமா என்று என்னைக் கேட்பார்கள். எங்கே வேண்டுமானாலும் வாங்கு, முதலில் பழசை அளந்து எண்ணை எழுதி வை என்பேன். நானே இரண்டு இடத்திலும் வாங்குகிறேன். எங்கள் ஊருக்கே இப்போது பொட்டலம் வருகிறது, டவர் பாறைக்கு யாரும் ஏறுவதில்லை. பர்வீன் அக்கா சந்தைக்கு வருவதை நிறுத்தி நாலைந்து வருடம் ஆகிறது; அவர் தார்ப்பாய் விரித்த இடத்தில் ஒருவர் போன் உறை விற்கிறார். மலையில் இல்லாமல் போனது சைக்கிள் சாமான் அல்ல, அது முன்னைவிட நிறையவே கிடைக்கிறது. பழசு இல்லையென்றால் விற்க மாட்டேன் என்று சொல்ல ஒருவர் இருந்தார், அவர் இல்லை. போன் எதைக் கேட்டாலும் கொடுத்துவிடுகிறது.

போன மாதம் ஊருக்குப் போனபோது பஸ்ஸிலிருந்து இறங்கிய அலுப்பில் என் தொழிற்சாலை அடையாள அட்டையைக் கழுத்திலிருந்து கழற்றி, பழக்கத்தில் அந்த முளையில் மாட்டினேன். இத்தனை வருடத்தில் எதை மாட்டியும் அது அசைந்து பார்த்ததில்லை. அப்பா பக்கத்தில் வந்து அட்டையில் இருந்த என் படத்தையும் பெயரையும் எழுத்துக் கூட்டிப் படித்தார். பின் முளையைப் பிடித்து ஒரு தரம் ஆட்டிப் பார்த்துவிட்டு, என் பக்கம் திரும்பாமலே சொன்னார்:

"அன்னிக்கே சொன்னேன் இல்ல, சரியா கீதுன்னு."