எலும்பு தெரிந்த ஆட்டக்காரர்

ஆஸ்பத்திரியின் எக்ஸ்ரே டெக்னீஷியனுக்கு மனிதர்களின் முகம் நினைவில் நிற்பதில்லை. விலா எலும்பைக் காட்டினால் விலாசமே சொல்வார். சதுரங்கத்திலும் அதே கதைதான். கண்ணைச் சுருக்கினால் ராணி, யானை, குதிரை எல்லாம் மறைந்து, சிப்பாய்கள் நிற்கும் வரிசை மட்டும் எலும்புக்கூடாகத் தெரியுமாம். இதனால் ராணியைப் பறிகொடுத்த நாட்கள் உண்டு. மேதைகளுக்கு அதெல்லாம் சகஜம்.

அவரது தொடக்கம் ஒன்றே ஒன்று: குதிரை வெளியே, ஓரத்துக்கு அடுத்த சிப்பாய் ஒரு கட்டம் முன்னே, அதன் பின்னால் மந்திரி, பிறகு ராஜாவுக்குக் கோட்டை. நோயாளிக்குத் தரும் கவுன் போல எந்த எதிராளிக்கும் பொருந்தும். எதிராளி நடுவில் என்ன கட்டுகிறார் என்று பார்த்துவிட்டு மற்றதை முடிவு செய்யலாம். முடிவு செய்வதில்தான் சிக்கல். "உடைஞ்ச எலும்பு ஆறு வாரத்துல கூடிடும். தள்ளின சிப்பாய் ஜென்மத்துக்கும் திரும்பாது" என்பார்.

வெளியூர்ப் போட்டிக்கு ஆஸ்பத்திரியின் சதுரங்க அணியில் நான்கு பேர் போக வேண்டும். அணித்தலைவி தலைமை நர்ஸ். வீட்டில் டெக்னீஷியனுக்கு மனைவி. தலைவியோடு சேர்த்து மூன்று இடம் நிரம்பிவிட்டது. நாலாவதற்கு இவரும் ஆம்புலன்ஸ் டிரைவரும் மோத வேண்டும்.

"ஜெயிக்கிறவர்தான் வருவார். புருஷன்னு சலுகை கிடையாது" என்றார் தலைவி. புருஷனும் மனைவியும் சேர்ந்து ஊருக்குப் போய் ஒன்பது வருஷம் ஆகியிருந்தது. ஷிப்டு ஒத்து வந்ததே இல்லை.

கறுப்புக் காய்களை எடுத்த டிரைவர் சைரன் போட்டுக்கொண்டு மூன்று சிப்பாய்களை நடுவே ஓட்டினார். இவர் ஒரு சிப்பாயால் இடித்தார். டிரைவர் தாக்காமல் தாண்டிப்போக, நடு அடைத்துக்கொண்டது. எலும்பு பளிச்சென்று தெரிந்தது: முன்னே போன கறுப்புச் சிப்பாயைப் பின்னாலிருந்து இரண்டு சிப்பாய்கள் கால்களாகத் தாங்குகின்றன. அதில் ராஜா பக்கத்துக் காலை உடைக்க வேண்டும். குதிரையை ஒதுக்கி, தன் யானைக்கு முன்னால் நிற்கும் சிப்பாயைத் தள்ள வேண்டும்.

குதிரையை ஒதுக்கினார். சிப்பாயைத் தள்ளவில்லை. ராஜாவை ஓரங்கட்டினார். ஓரச் சிப்பாயைத் தட்டினார். இப்படியே இன்னும் இரண்டு; நாலு நகர்வு வீணாய்ப் போயிற்று.

"அண்ணே, பேஷண்ட் உயிரோட இருக்காரா?" என்றார் டிரைவர்.

"அசையாதே தம்பி. படம் எடுக்கிறேன்."

"எடுங்க எடுங்க. நான் அதுக்குள்ள ஒரு டிரிப் அடிச்சிட்டு வந்துடறேன்."

சொன்னபடி அவரது குதிரைகள் இவர் ராஜாவை நோக்கிக் கிளம்பின. தன் ராஜாவைக் கோட்டைக்குள் விட மட்டும் டிரைவருக்கு நேரமில்லை.

நடுவராக உட்கார்ந்திருந்த மனைவியை டெக்னீஷியன் பார்த்தார். மனைவி கூரையைப் பார்த்தார். நடுவர் என்றால் அப்படித்தான் இருக்க வேண்டும். ஆனால் ஒரு கை புடவைத் தலைப்பை முறுக்கிக்கொண்டிருந்தது.

டெக்னீஷியன் சிப்பாயைத் தள்ளிவிட்டார்.

டிரைவர் வெட்டினார், இவர் திருப்பி வெட்டினார். யானைக்கு எதிரே கதவு திறந்தது. நடுவில் அனாதையாக நின்ற கறுப்பு ராஜா அடுத்த பதினோரு நகர்வில் படுத்தது.

"ஐயோ, இவ்வளவு நேரம் தூங்கின ஆளா இது!" என்று டிரைவர் கை கொடுத்தார்.

தலைவி அணிப் பட்டியல் படிவத்தை எடுத்தார். "அந்தச் சிப்பாயை நாலு மூவ் முன்னாடியே தள்ளியிருக்கணும். ராஜாவை எதுக்கு ஓரத்துக்கு விட்டீங்க? கண்ணு எங்க இருந்துச்சு?" திட்டிக்கொண்டே கணவர் பெயரை எழுதினார்.

இந்தத் திட்டு ரயிலில் போக ஒரு பகல், வர ஒரு பகல் குறையாமல் நீளும் என்று கணக்குப் போட்டு, டெக்னீஷியன் வாயெல்லாம் பல்லாக நின்றார்.