கேட்டக்கா குடிக்காத தண்ணீர்

ரயில்வே கேட்டை ஒட்டிய அறையில் ஒரு நாற்காலி, ஒரு தொலைபேசி, பச்சையும் சிவப்புமாய்க் கொடிகள். கழிப்பறை தண்டவாளத்துக்கு அந்தப் பக்கம். போக வேண்டுமென்றால் ஸ்டேஷன் மாஸ்டரைக் கூப்பிட்டு, வண்டி வருகிறதா என்று கேட்டுக்கொண்டுதான் போக வேண்டும். முகம் பார்த்திராத ஆணிடம் அதைச் சொல்லக் கூச்சப்பட்டு, தண்ணீர் குடிப்பதையே விட்டிருந்தார் கேட் கீப்பரான கேட்டக்கா. எல்லோரும் அவரை அப்படித்தான் கூப்பிடுவார்கள். கணவர் லாரி ஓட்டுகிறவர். வீட்டில் இருப்பதைவிட வழியில் இருப்பதுதான் அதிகம்.

கர்ப்பத்தின் ஏழாம் மாதத்தில் ஒரு மத்தியானம் இடுப்பில் வலப்பக்கம் சுண்டி இழுத்தது. வலி முன்பக்கமாய்த் தொடை வரை இறங்கியது. பிரசவ வலிதான் என்று நினைத்தார். பல்லைக் கடித்துக்கொண்டு கேட்டை மூடி, சரக்கு வண்டிக்குக் கொடி காட்டி அனுப்பிவிட்டுத்தான் மாற்று ஆள் கேட்டார்.

ஸ்கேன் பார்த்த டாக்டரம்மா, "குழந்தை நல்லா இருக்கு. கிட்னியில இருந்து ஒரு கல்லு இறங்கி வழியில நிக்குது. தண்ணியே குடிக்கறதில்லையா?" என்றார்.

"குழந்தைக்கு ஒண்ணும் ஆகாதுல்ல?" என்று கேட்டார் கேட்டக்கா.

"பெரும்பாலும் தானா வந்துடும். காய்ச்சல் வந்தா உடனே உள்ள குழாய் வைக்கணும். கவனிக்காம விட்டா குழந்தை முன்னாடியே பொறந்துடலாம்."

சலைன் ஏறியது. வலி வரும்போதெல்லாம் வாய்விட்டுக் கத்தினார். ஒவ்வொரு முறையும் சிறுநீரை வடிகட்டிப் பார்க்கச் சொன்னார்கள். பக்கத்துக் கட்டிலைச் சுற்றி அத்தை, சித்தி, கொழுந்தன் என்று ஒரே கூட்டம். "உங்க கூட யாரும்மா?" என்று நர்ஸ் கேட்டபோதெல்லாம், "வந்துட்டே இருக்காங்க" என்றார். யாரும் வரவில்லை. காய்ச்சல் அடிக்கிறதா என்று தன் நெற்றியைத் தானே தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டார்.

மறுநாள் கல் வந்து விழுந்தது. கடுகளவுதான்.

"இத்துனூண்டுக்கா வார்டையே ரெண்டாக்கினீங்க?" என்று சிரித்தாள் நர்ஸ்.

கல் வந்ததைச் சொல்லக் கணவருக்குப் போன் போட்டார். "என்னடி, வீடு கட்டக் கல்லு சேக்கறியா?" என்றார் அவர், ஹாரன் சத்தங்களுக்கு நடுவே. கேட்டக்கா சிரித்து முடிப்பதற்குள் லைன் போய்விட்டது. பஞ்சில் எடுத்து வைத்திருந்த கல்லைக் காட்ட வேறு ஆளில்லை.

வேலைக்குத் திரும்பிய அன்று பெரிய பாட்டிலில் தண்ணீர் கொண்டுபோனார். பாதி குடித்தபின் வெகுநேரம் தொலைபேசியையே பார்த்துக்கொண்டிருந்தார். வயிற்றுக்குள் ஓர் உதை விழுந்தது. ரிசீவரை எடுத்துவிட்டார்.

"சார், கேட்ல இருந்து பேசறேன். வண்டி ஏதாவது இருக்கா?"

"இப்போதைக்கு இல்லையேம்மா. ஏன்?"

"பாத்ரூம் போகணும் சார்."

அந்தப் பக்கம் ஒரு கனைப்பு. "கேட்ட மூடிட்டுப் போம்மா. வந்ததும் ஒரு வார்த்தை சொல்லு."

மூடிய கேட்டுக்கு வெளியே ஒருவர் ஸ்கூட்டரில் வந்து நின்றார். "வண்டியே வரல, எதுக்குக்கா பூட்டி வச்சிருக்கீங்க?"

கேட்டக்கா வயிற்றைத் தாங்கிப் பிடித்தபடி தண்டவாளத்தை மெதுவாகவே தாண்டினார்.